பிகினரில் விளையாடினால் என்ன குற்றம்?



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இந்தப் பந்தியை மட்டும் வாசித்தால் போதும். எமது ஊர் வட்ஸ்அப் குரூப்களில் ஐந்து நாட்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த 30 செக்கன் வீடியோவைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எடுத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். பெயர் எழுதப் போவதில்லை. அவர்களும் எங்களிடம் படித்தவர்கள்தான்.

பார்க்காதவர்களுக்கு விஷயம் இதுதான். தரம் 8இல் படிக்கும் ஒரு மகன், சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு கேம் கடையில் ஃபுட்போல் கேம் விளையாடுகிறார். திரையில் 9–0. கோல் போட்ட சந்தோஷத்தில் கையைத் தூக்குகிறார். பின்னால் நின்ற நானாமார் இருவர் ஆட்டத்தை பாஸ் பண்ணி, செட்டிங்ஸைத் திறந்து, ‘பிகினர்’ என்று இருக்கும் வரியைக் கிட்டப் பிடித்துப் படமெடுக்கிறார்கள். “பிகினர்ல வெச்சி ஒம்பது கோலாம், மெஸ்ஸி வந்துட்டாரு” என்று ஒரு குரல், ஒரே சிரிப்பு. கடைசியில் அந்தப் பிள்ளையின் முகம். அதோடு வீடியோ முடிகிறது.

திங்கட்கிழமை காலை வரவு இடாப்பில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது பின்வாங்கிலிருந்து “பிகினர்” என்று ஒரு சத்தம் வந்தது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவர் பாடசாலைக்கு வரவில்லை. வயிற்று வலி என்று உம்மா கடிதம் அனுப்பியிருந்தார். எமது பக்கத்தில் பட்டப்பெயர் ஒட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிக்காஹ் அழைப்பிதழ் கொண்டுபோகிறவன்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் கண்டுபிடிப்பான். வாப்பாவின் பட்டப்பெயரை மகனும் சுமக்கிற குடும்பங்கள் முந்தலில் எத்தனை?

இந்த வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளை நாங்கள் முழுதாக வாசித்தோம். இரண்டு வகை. ஒன்று, “ஈஸில விளையாடுறவன் ஆம்புளயா?” என்கிற வகை. மற்றது, “இந்தக் கேம் கடையையே மூட வேணும்” என்கிற வகை. இரண்டாவது பேச்சுக்கு வேறொரு நாள் வருவோம். தொழுகை தவறுவது, இரவு முழுக்கப் போனில் கிடப்பது, வெளிநாட்டில் இருக்கும் வாப்பா அனுப்பிய காசு டேட்டாவில் கரைவது, எல்லாம் எங்களுக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள் காலையில் வகுப்பில் எங்கள் முன்னால்தான் தூங்குகிறார்கள். ஆனால் இன்று பேச வேண்டியது முதல் வகையைப் பற்றி. அது கேம் பற்றிய பேச்சுப் போல் இருக்கிறது. உண்மையில் அது ஒரு பிள்ளை எப்படிப் பழக வேண்டும் என்பதைப் பற்றிய பேச்சு. அது எங்கள் தொழில்.

முதலில் அந்த வரி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிரிக்கெட் கேம்களில் ஈஸி, மீடியம், ஹார்ட் என்று கேட்கும். எமது பிள்ளைகளின் போன்களில் இருக்கும் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் கேம் சென்னையில் இருக்கும் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்தது என்பது பலருக்குத் தெரியாது. 2015இல் அதன் இரண்டாம் பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. ஃபுட்போல் கேமில் இன்னும் கூடுதல் படிகள். முன்பு ஃபிஃபா என்றும், 2023இலிருந்து ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்றும் வருகிற கேமில் ஏழு படி: பிகினர், அமெச்சூர், செமி-ப்ரோ, புரொஃபெஷனல், வேர்ல்ட் கிளாஸ், லெஜெண்டரி, அல்டிமேட். படி ஏற ஏற கோல் கம்பம் சின்னதாவதில்லை. எதிரில் விளையாடும் கம்ப்யூட்டர் அணி சீக்கிரம் முடிவெடுக்கும், பந்தைப் பறிக்க வேகமாக வரும், பாஸ் தவறாது. கீழ்ப்படியில் அது கொஞ்சம் நின்று யோசிக்கும். அந்த இடைவெளியில்தான் புதிதாகப் பழகுகிறவன் எந்தப் பொத்தான் எதற்கு என்று கண்டுபிடிக்கிறான்.

படியோடு முடியவில்லை. உள்ளே போனால் ஸ்லைடர் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஓட்ட வேகம், ஆர்முடுகல், ஷொட் தவறுகிற அளவு, பாஸ் தவறுகிற அளவு, கோல் காப்பாளரின் திறமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. 0 முதல் 100 வரை நகர்த்தலாம். முதலில் எல்லாம் 50இல் நிற்கும். எனக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக மாற்றலாம். தரம் 10இல் கதிக்கும் ஆர்முடுகலுக்கும் வித்தியாசம் கேட்டால் வகுப்பே சுவரைப் பார்க்கும். அதே வகுப்பில் ஒருவன் இடைவேளையில் எங்களுக்கு விளக்கினான்: “சேர், ஸ்பிரிண்ட் ஸ்பீடக் கூட்டினா கடைசில வேகமா ஓடுவான், அக்ஸலரேஷனக் கூட்டினா நிக்கிற எடத்துல இருந்து சட்டெண்டு கிளம்புவான்.” பாடப்புத்தகத்தை விட நன்றாகத்தான் சொன்னான். வெட்கத்தோடு எழுதுகிறோம், அதன் பிறகு அந்தப் பாடத்தை அவனுடைய உதாரணத்தோடுதான் நடத்துகிறோம்.

ஆகவே, தனக்கு எது கடினம், எவ்வளவு கடினம் என்று பார்த்து ஒரு பிள்ளை தானே ஒரு கோட்டை நகர்த்துவது சோம்பேறித்தனம் இல்லை. அதற்குத் தன்னைத் தானே அளக்கத் தெரிய வேண்டும். பெரியவர்களில் எத்தனை பேருக்கு அது வரும்?

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் படிப்பித்த பெயர்களில் ஒன்று வைகொட்ஸ்கி. 1934இல், 37 வயதில் மௌத்தாகிப் போன ரஷ்ய மனிதர். அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒரு பிள்ளைக்குத் தனியாகச் செய்ய முடிந்தது ஒரு எல்லை, ஒருவர் கைகொடுத்தால் செய்ய முடிவது இன்னொரு எல்லை, படிப்பு நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். மிக இலேசானதைக் கொடுத்தால் சலித்துப் போவான். மிகக் கடினமானதைக் கொடுத்தால் விட்டுவிட்டு ஓடுவான். 1976இல் புரூனரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் கைகொடுத்தலுக்குச் சாரக்கட்டு என்று பெயர் வைத்தார்கள். உடுக்கிற சாரம் இல்லை, வீடு கட்டும்போது மேசன் ஏறி நிற்கக் கட்டுகிற சாரம். சுவர் எழும்பியதும் கழற்றிவிடுவது. பரீட்சைக்காக நாங்கள் இதைப் பாடமாக்கினோம். இப்போது யோசித்தால் பிகினர், அமெச்சூர், செமி-ப்ரோ என்பதும் அதே சாரம்தான், ஒவ்வொரு தட்டாகக் கழற்றுகிற சாரம்.

வைகொட்ஸ்கியை விடுங்கள். எமது உம்மாமாரும் வாப்பாமாரும் அவர் பெயரைக் கேள்விப்படாமலே இதைச் செய்தவர்கள். களப்பில் நீச்சல் பழக்கும்போது காய்ந்த தேங்காய் இரண்டைக் கட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்தார்களே, அது என்ன? பார் சைக்கிளில் சீட்டுக்குக் கால் எட்டாத வயதில் பாருக்குக் கீழால் காலை விட்டு அரைச் சுற்றுச் சுற்றிப் பழகினோமே, அப்போது யாராவது “பிகினர்” என்று படம் பிடித்தார்களா? மத்ரஸாவில் எந்த ஹஸரத்தாவது முதல் நாளே சூரா பகராவை விரித்து வைத்தாரா? அலிஃப், பே என்று தொடங்கி, எழுத்துக் கூட்டி, அம்ம ஜுஸுவின் சின்னச் சூராக்களில்தானே எல்லாரும் நாவைத் திருப்பினோம். திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வெளியே வந்து, திக்கித் திணறி விளையாடுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கிரவுண்டிலும் அப்படித்தான். எங்கள் காலத்தில் டெனிஸ் பந்துக் கிரிக்கெட்டில் சின்னவனுக்கு அண்டர்ஆர்ம் போடுவோம். அவனுக்கு முதல் பந்தில் அவுட் இல்லை. பெரியவன் அடித்தால் ஒரு குத்து விழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். மதிலுக்கு மேலால் போனால் அதுவும் அவுட், அது பக்கத்து வீட்டுக்காரரின் ஓடுகளுக்காகச் செய்த செட்டிங். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆட்டம் எல்லாருக்கும் ஆட்டமாக இருக்க வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைகள் தாமே பேசி முடிவெடுத்தது. இன்று அண்டர்ஆர்மில் துடுப்பெடுத்து வளர்ந்தவர்கள்தான் வீடியோ எடுக்கிறார்கள்.

உலகம் முழுக்க இதற்கு எழுதின சட்டமே உண்டு. சர்வதேச டெனிஸ் சம்மேளனம் 2012இலிருந்து 10 வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளின் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தைப் பாவிக்க விடுவதில்லை. முதலில் சிவப்புப் பந்து, அது 75 சதவீதம் மெதுவானது. பிறகு செம்மஞ்சள், பிறகு பச்சை. மைதானமும் சின்னது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து யாரும் “சிவப்புப் பந்துக்காரன்” என்று சிரிப்பதில்லை. 2008இல் வந்த மேடன் என்எஃப்எல் 09 என்ற அமெரிக்க ஃபுட்போல் கேம், தொடக்கத்திலேயே உங்களுக்குச் சின்னச் சின்னப் பரீட்சைகள் வைத்து, ஓடுவதில் ஒரு அளவு, எறிவதில் ஒரு அளவு, தடுப்பதில் ஒரு அளவு என்று தனித்தனியாக மதிப்பிட்டு, அதன்படி கடினத்தை வைக்கும். தவணை தொடங்கும்போது நாங்கள் செய்ய வேண்டியது அது. செய்கிறோமா?

செய்வதில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. 40 பிள்ளைகளுக்கு ஒரே தாள், ஒரே வேகம், ஒரே கணக்கு. தவணைப் பரீட்சையில் பெயரையும் சுட்டெண்ணையும் எழுதிவிட்டு, மிச்ச நேரம் முழுக்க யன்னலுக்கு வெளியே பார்க்கிற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் செட்டிங்ஸ் பக்கமே கிடையாது. அதே பிள்ளை கேம் கடையில் அரை மணி நேரம் அசையாமல் இருந்து, தோற்று, ஒரு படி குறைத்து, திரும்ப முயற்சி செய்கிறான். “கேமில் இருக்கிற கவனம் படிப்பில் இல்லை” என்று பெற்றோர் கூட்டத்தில் குறை சொல்கிறோம். அங்கே அவனுக்கு ஏற்ற படி இருக்கிறது, இங்கே இல்லை என்பதைச் சொல்லாமல் விடுகிறோம்.

“வாழ்க்கையில் ஈஸி மோட் இல்லை சேர், பிள்ளை இப்பவே பழக வேணும்” என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய கடையில் வேலைக்குச் சேர்ந்த பொடியனை முதல் நாளே கல்லாவில் உட்கார வைத்தாரா? சாமான் அடுக்க விட்டார், நிறுக்க விட்டார், பிறகுதான் காசு தொட விட்டார். இறால் பண்ணையிலும் அப்படித்தான், புதிதாக வந்தவன் கையில் யாரும் முதல் வாரமே தொட்டியின் பொறுப்பைக் கொடுப்பதில்லை. கடினத்தைப் படிப்படியாகக் கூட்டாமல் உலகத்தில் எந்தத் தொழிலும் பழகப்பட்டதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுடைய பேச்சில் நியாயம் உண்டு. வருடக் கணக்காகப் பிகினரிலேயே நின்று 9–0, 12–0 என்று அடித்துக்கொண்டே இருந்தால் அதில் பழகுவதற்கு எதுவும் இல்லை. இரண்டு மூன்று ஆட்டம் அப்படி வென்றால் ஒரு படி ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு 0–5 என்று தொடர்ந்து தோற்றால் ஒரு படி இறங்கலாம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் இதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, இனி அமெச்சூர்ல போட்டுப் பாரு, நீ தாங்குவாய்” என்று ஒரு நானா சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கே ஏற்றியிருப்பார். அதற்கு 30 செக்கனும் தேவைப்படாது.

நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. அதைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளை தானே தெரிந்தெடுக்கும் கடினம் திரையில் எழுதியிருக்கும், யாரும் பார்க்கலாம். பிள்ளைக்குத் தெரியாமல் கேமே மாற்றுகிற கடினம் என்று ஒன்றும் உண்டு. அதை ஆராய்கிற துறையே இருக்கிறது. 2017இல் ஈஏ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போனில் விளையாடும் ஒரு புதிர் கேமில், யார் எப்போது அலுத்து விட்டுப் போவார்கள் என்று கணித்து, அதற்கு ஏற்பக் கடினத்தைக் கூட்டிக் குறைத்தபோது ஆட்கள் கேமில் ஈடுபடுவது 9 சதவீதம் வரை கூடியது என்று அதில் இருக்கிறது. காசு செலவழிப்பதில் மாற்றம் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறோம். கவனியுங்கள், அங்கே அளந்தது பிள்ளை எவ்வளவு பழகினான் என்பதை அல்ல, எவ்வளவு தூரம் எழும்பாமல் இருந்தான் என்பதை.

2020 நவம்பரில் அமெரிக்காவில் மூன்று பேர் அதே நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். ஃபுட்போல் கேமின் அல்டிமேட் டீம் பகுதியில் ஒளிவாகக் கடினத்தை மாற்றி, தோற்கிறவர்களைக் காசு கொடுத்து வீரர் பெட்டி வாங்கத் தூண்டுகிறார்கள் என்பது முறைப்பாடு. நிறுவனம் மறுத்தது, அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பேட்டன்ட் இருக்கிறது, ஆனால் ஃபிஃபாவில் பாவிக்கவில்லை என்றது. 2021இல் வழக்குப் போட்டவர்களே வாபஸ் வாங்கினார்கள். ஆகவே அவர்கள் செய்தார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த வீரர் பெட்டி விஷயம் வேறு. காசைக் கொடுத்து, உள்ளே யார் வருவார் என்று தெரியாமல் பெட்டியைத் திறப்பதை 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு சூது என்றே தீர்மானித்தது. அடுத்த வருடம் அந்த நாட்டில் அதற்கான புள்ளிகளை விற்பதை நிறுவனம் நிறுத்தியது. பெல்ஜியக்காரனுக்குச் சூது என்று தெரிந்தது, கார்டில் காசு போட்டுக் கொடுக்கிற எமது மாமாமாருக்குத் தெரியவில்லையா? பிகினரில் விளையாடுகிற பிள்ளை ஒரு சதம் செலவில்லாமல் தன் அளவுக்கு ஆட்டத்தை இறக்கிக்கொண்டான். வெட்கப்படக் கூடாதென்று லெஜெண்டரியில் நின்று, தோற்றுத் தோற்று, கடைசியில் நல்ல வீரனை விலைக்கு வாங்கப் போகிறவன் யார்? சிரித்தவர்களில் ஒருவராவது இதற்குப் பதில் எழுதட்டும்.

இன்று பின்னேரம் நாங்கள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். முதலில் அறையை விட்டு வெளியே வரவில்லை. உம்மா தேத்தண்ணீர் ஊற்றித் தந்த பிறகு வந்து கதவருகில் நின்றார். ஏன் பிகினரில் போட்டாய் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. அவராகவே சொன்னார்: “தம்பியும் வெளயாடினான் சேர். தோத்தா அழுவான்.”

வீடியோவில் தெரியாத பக்கத்தில், இரண்டாவது ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுத் தம்பி இருந்திருக்கிறான். இருவரும் ஒரே அணி, எதிரில் கம்ப்யூட்டர். ஒன்பது கோலில் இரண்டு தம்பியுடையது. அந்தக் கையைத் தூக்கினது தம்பியின் கோலுக்கு.

இதைக் கேட்டதும் சிலர் “அப்படியா, தம்பிக்காகவா, அப்படியென்றால் சரி” என்று இறங்கி வருவீர்கள். வர வேண்டாம். தம்பி அங்கே இல்லாவிட்டாலும், அவர் தனியாக, தனக்காகவே பிகினரில் வைத்து விளையாடியிருந்தாலும் எங்கள் பேச்சு இதுதான். நாங்கள் இதை எழுதினது அந்தப் பிள்ளை நல்ல நானா என்று நிரூபிக்க அல்ல. பழகுகிற பிள்ளைக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

சனிக்கிழமை பாடசாலை இல்லை, ஞாயிறும் இல்லை. திங்கட்கிழமை அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் குரூப் அட்மின்கள் வீடியோவை எடுத்துவிட வேண்டும். எடுத்தவர்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு ஸலாம் சொன்னால் நல்லது, மன்னிப்பு என்ற சொல்லைப் பாவிக்க வெட்கமாக இருந்தால் அது இல்லாமலும் பரவாயில்லை. வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்கிறவர்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு கோரிக்கை. பெருநாள் ஆறு பேர் ஃபுட்போலில் வருடா வருடம் சின்னவர்கள் கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கத்தான் நிற்கிறார்கள். இம்முறை 13 வயதுக்குக் கீழ் ஒரு பிரிவு வையுங்கள். நான்காம் இலக்கப் பந்து, சின்னக் கம்பம், சின்ன மைதானம். செலவு பெரிதாக வராது, கம்பத்துக்கு மூங்கில் போதும்.

அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. நாளை வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் இரண்டு மூன்று பேர் மைதானத்தில் நிற்போம். நான்காம் இலக்கப் பந்து ஒன்று கையில் இருக்கிறது. காற்றடிக்கிற பம்ப்தான் இல்லை, வைத்திருப்பவர்கள் வரும்போது எடுத்து வாருங்கள். ஊசியும் சேர்த்து.